மார்க் கேட்டிஸும் டாக்டர் ஹூவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷெர்லாக் தொடரைப் பார்த்துவிட்டு மார்க் கேட்டிஸைத் தேடிப் போகும் நண்பர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் முட்டி நிற்கிறார்கள்: "இவர் காமெடியனா, பேய்க்கதை எழுதுகிறவரா, டாக்டர் ஹூ ஆளா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

யாருங்க இந்த மார்க் கேட்டிஸ்? எங்கேயோ பார்த்த முகமா இருக்கே?

ஷெர்லாக் தொடரில் குடையோடு வரும் அண்ணன் மைக்ராஃப்ட் இவர்தான். கேம் ஆஃப் த்ரோன்ஸில் இரும்பு வங்கியின் பிரதிநிதியாக, ஒரு மன்னரையே கணக்குக் கேட்கும் டைக்கோ நெஸ்டோரிஸும் இவரே. 1966-இல் வடகிழக்கு இங்கிலாந்தின் டர்ஹம் மாவட்டத்தில் உள்ள செட்ஜ்ஃபீல்டில் பிறந்தவர். நகைச்சுவைக் குழுவில் தொடங்கி, நாவல், வானொலி, தொலைக்காட்சி, மேடை என்று எல்லாவற்றிலும் கால் பதித்தவர். 2024-இல் மேடை நடிப்புக்காக ஆலிவியர் விருதும் வாங்கினார்.

இந்தப் பக்கம் அவருடைய முழு வாழ்க்கை வரலாறு இல்லை. ஒரு அறிவியல் புனைவுத் தொடர்மேல் சின்ன வயதில் வந்த பித்து, அவர் தொழிலை எப்படி எப்படி வளைத்தது என்பதுதான் இங்கே பேச்சு.

டாக்டர் ஹூன்னா என்ன? ஒரு எபிசோட் கூட பார்த்ததில்லை.

பிபிசி 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய தொடர். 'டாக்டர்' என்று மட்டும் அழைக்கப்படும் ஒரு வேற்றுக்கிரகவாசி, வெளியே நீல நிற போலீஸ் பெட்டி போலவும் உள்ளே பெரிய மண்டபமாகவும் இருக்கும் டார்டிஸ் என்ற ஊர்தியில் காலத்திலும் விண்வெளியிலும் பயணம் செய்கிறார். சாகும் நிலை வந்தால் புது உடம்பு எடுத்துக்கொள்வார். அதனால் நடிகர் மாறினாலும் கதை நிற்பதில்லை.

1989-இல் தொடர் நின்றது. 1996-இல் ஒரே ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது. 2005 மார்ச் 26 அன்று மீண்டும் தொடராக உயிர் பெற்றது. இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டிஸின் கதையே அதற்குள்தான் நடக்கிறது.

அவர் காமெடியன்னு சொல்றாங்க. ஆனா நான் பார்த்த எதிலும் சிரிக்கவே இல்லையே?

தி லீக் ஆஃப் ஜென்டில்மேன் என்ற நால்வர் குழுவில் ஒருவர். மற்ற மூவர் ரீஸ் ஷியர்ஸ்மித், ஸ்டீவ் பெம்பர்டன், ஜெரமி டைசன். யார்க்ஷயரின் பிரெட்டன் ஹால் கல்லூரியில் நாடகம் படித்த பழக்கத்தில் உருவான குழு. 1997-இல் எடின்பரோ விழாவில் நகைச்சுவைக்கான பெரியர் விருதை வென்றார்கள். அதே ஆண்டு வானொலி, 1999 ஜனவரியில் பிபிசி டூ.

அவர்களுடைய நகைச்சுவை ராய்ஸ்டன் வேசி என்ற கற்பனை ஊரில் நடக்கிறது. "உள்ளூர்க் கடை, உள்ளூர் ஆட்களுக்கு மட்டும்" என்று வெளியூர்க்காரனை மிரட்டும் தம்பதி, மனிதர்களை மனைவிகளாகச் 'சேகரிக்கும்' சர்க்கஸ்காரன் என்று, சிரித்துக்கொண்டே இருக்கும்போது வயிற்றில் ஏதோ பிசைவது போன்ற ரகம். பயத்தையும் சிரிப்பையும் ஒரே மூச்சில் கொடுக்கும் இந்தக் கைப்பழக்கம் பிறகு டாக்டர் ஹூவுக்கு அப்படியே பயன்பட்டது.

சின்ன வயசிலேயே அவ்வளவு பைத்தியமா?

ஆமாம். அவருடைய டாக்டர் ஜான் பெர்ட்வீ. 1970 முதல் 1974 வரை நடித்தவர். அப்போது கேட்டிஸுக்கு மூன்றிலிருந்து ஏழு வயது. அந்தக் காலக் கதைகளில் டாக்டர் பூமியிலேயே மாட்டிக்கொண்டு, யூனிட் என்ற ராணுவப் பிரிவோடு சேர்ந்து வேலை செய்வார். அதன் தலைவர், மீசை வைத்த பிரிகேடியர் லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட். இந்தப் பெயர் பின்னால் திரும்ப வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் வளர்ந்த வீட்டுக்கு எதிரே ஒரு பழைய மனநல மருத்துவமனை. பெற்றோர் இருவரும் அங்கே வேலை பார்த்தார்கள். பேய்க்கதை ஆசைக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

அப்புறம், அன்றைக்கு வீடியோ கேசட் கிடையாது. ஒரு முறை ஒளிபரப்பானால் போனதுதான். 1960களின் பல எபிசோடுகளை பிபிசியே நாடாவிலிருந்து அழித்துவிட்டது. அதனால் பிள்ளைகள் கதையைத் திரும்ப அனுபவிக்க ஒரே வழி டார்கெட் பதிப்பகம் வெளியிட்ட சின்னச் சின்ன நாவல் வடிவங்கள்தான். டெரன்ஸ் டிக்ஸ் மட்டுமே அப்படி அறுபதுக்கும் மேல் எழுதினார். திரையில் அட்டைப்பெட்டிச் சுவராகத் தெரிந்தது புத்தகத்தில் பாழடைந்த கோட்டையாக விரியும். பார்த்ததை விடப் படித்ததை நினைவில் வைத்த தலைமுறை அது. அவர்களில் இத்தனை பேர் எழுத்தாளர் ஆனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. கேட்டிஸ் 2009-இல் பிபிசி வானொலியில் இந்தப் புத்தகங்களைப் பற்றியே ஒரு நிகழ்ச்சி வழங்கினார்.

சரி, 1989-ல சீரியலே நின்னு போச்சு. அப்புறம் ரசிகருங்க என்னதான் செஞ்சாங்க?

எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. தொடர் ஓடிக்கொண்டே இருந்திருந்தால் கேட்டிஸ் நல்ல பார்வையாளராகவே இருந்திருப்பாரோ என்னவோ. நின்றதால் வேலை ரசிகர்கள் கைக்கு வந்தது.

1991-இல் வர்ஜின் பதிப்பகம் தொடர் விட்ட இடத்திலிருந்து புதுப்புது நாவல்களை வெளியிட ஆரம்பித்தது. முக்கியமான விஷயம், முன்பு ஒரு புத்தகம்கூட வெளியிடாதவர்களின் கைப்பிரதிகளையும் வாங்கிப் படித்தார்கள். அந்த வாசல் வழியாக உள்ளே போனவர்களில் கேட்டிஸ் ஒருவர். முதல் நாவல் 1992-இல். அதோடு சேர்த்து 2000-க்குள் வர்ஜினுக்கும் பிபிசி புத்தகங்களுக்கும் நான்கு டாக்டர் ஹூ நாவல்கள். பால் கார்னல், ரஸ்ஸல் டி டேவிஸ் போன்றவர்களும் இதே வரிசையில் எழுதினார்கள். இரண்டாவது பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாவலோடு நிற்கவில்லை. ரசிகர்களே தயாரித்த நேரடி வீடியோக்களுக்குக் கதை எழுதினார், அவற்றில் நடித்தார். 1999-இல் பிக் ஃபினிஷ் என்ற நிறுவனம் பழைய நடிகர்களை வைத்து ஒலிநாடகங்கள் தொடங்கியபோது அதன் இரண்டாவது டாக்டர் ஹூ கதையை எழுதியது கேட்டிஸ்தான். பீட்டர் டேவிசன் நடித்த ஃபாண்டஸ்மகோரியா. காசு குறைவு, ஆனால் காலக்கெடு உண்டு, நடிகர் உண்டு, திருத்தம் சொல்லும் ஆசிரியர் உண்டு. தொழில் படிக்க வேறென்ன வேண்டும்?

அந்த முதல் நாவல் எதைப் பத்தி? படிக்கலாமா?

பெயர் நைட்ஷேட். கட்டாயம் படிக்கலாம். 1968-இல் நடக்கும் கதை. எட்மண்ட் ட்ரெவித்திக் என்ற வயதான நடிகர், ஒரு காலத்தில் பிரபலமான பிபிசி அறிவியல் தொடரில் பேராசிரியர் நைட்ஷேடாக நடித்தவர், முதியோர் இல்லத்தில் பழைய பெருமையை அசைபோட்டுக்கொண்டிருக்கிறார். அப்போது அவர் தொடரில் வந்த அரக்கர்கள் நிஜமாகவே அவரைத் தேடி வருகிறார்கள். ஊரில் மற்றவர்களுக்கு இறந்துபோன உறவுகள் வாசலில் வந்து நிற்கின்றன. ஆசையோடு கை நீட்டியவர்களை அந்த உருவங்கள் தின்றுவிடுகின்றன.

இதை எழுதியவருக்கு இருபதுகளின் நடுவில்தான் வயது. பழைய தொடர்களை உயிராக நேசிக்கும் ஒருவர், பழைய நினைவு ஆளையே விழுங்கும் என்று தன் முதல் புத்தகத்திலேயே எழுதுகிறார். கேட்டிஸை வெறும் 'பழசு விரும்பி' என்று யாராவது சொன்னால் நான் இந்தப் புத்தகத்தைத்தான் காட்டுவேன்.

ரசிகர்களே வீடியோ எடுத்தாங்கன்னு சொன்னீங்களே, உரிமைப் பிரச்சினை வரலையா?

'டாக்டர்' என்ற பாத்திரத்தைத் தொட முடியாது. சுற்றி விளையாடினார்கள். கேட்டிஸ் 1994 முதல் 1996 வரை எழுதிய ப்ரோப் என்ற வீடியோ வரிசையின் நாயகி லிஸ் ஷா. பெர்ட்வீ காலத்து விஞ்ஞானி, அதே கரோலைன் ஜான் நடிப்பில். முதல் படத்தில் டாக்டராக நடித்த பழைய நடிகர்கள் பலர் வருகிறார்கள், ஆனால் ஒருவரும் டாக்டராக வரவில்லை. வேறு வேறு வேடங்கள். பட்ஜெட் படம் முழுக்கத் தெரியும், அதை எதிர்பார்த்தே பாருங்கள்.

1999-ல டாக்டர் ஹூ ரசிகர்களையே கிண்டல் பண்ணி நடிச்சாராமே?

அந்த நவம்பரில் பிபிசி டூ ஒரு மாலை முழுவதையும் டாக்டர் ஹூவுக்கு ஒதுக்கியது. அதற்காக கேட்டிஸும் டேவிட் வாலியம்ஸும் சில சின்ன நகைச்சுவைக் காட்சிகள் செய்தார்கள். ஒன்றில் இரண்டு தீவிர ரசிகர்கள் பீட்டர் டேவிசனைக் கடத்திக்கொண்டு வந்து வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். டேவிசன் தானாகவே நடித்தார்.

கிண்டல்தான், ஆனால் வெளியிலிருந்து எறிந்த கல் இல்லை. அந்த இருவருக்கும் தெரிந்திருக்கும் பெயர்கள், அவர்கள் பதறும் விதம், எல்லாம் உள்ளே இருந்தவருக்கு மட்டுமே தெரியும். அதற்கு முந்தைய மாதம்தான் அதே டேவிசனுக்காக கேட்டிஸ் எழுதிய ஒலிநாடகம் வெளியாகியிருந்தது.

2005-ல அவருக்கு வாய்ப்பு கிடைச்சது ரசிகர்ங்கிறதாலதானே?

புதுத் தொடரை நடத்தியவர் மேலே குறித்துக்கொள்ளச் சொன்ன ரஸ்ஸல் டி டேவிஸ். அவர் தன்னைத் தவிர எழுத அழைத்தவர்களில் கேட்டிஸ், பால் கார்னல், ஸ்டீவன் மோஃபட் எல்லோருமே சிறுவயது ரசிகர்கள். ஆகவே 'ஆமாம்' என்று சொல்லலாம். ஆனால் அதற்குள் கேட்டிஸ் நான்கு நாவல், பல ஒலி, வீடியோ கதைகள், மூன்று தொடர்களாக வந்த ஒரு வெற்றி நகைச்சுவை எல்லாவற்றையும் முடித்திருந்தார். ரசிகர் என்பதால் கதவு தெரிந்தது. கையில் வேலை இருந்ததால் திறந்தார்கள்.

அந்த வசந்தத்தின் மூன்று சனிக்கிழமைகளைப் பாருங்கள். மார்ச் 26, தொடர் திரும்ப வருகிறது. ஏப்ரல் 2, குவாட்டர்மாஸ் என்ற 1953-ஆம் ஆண்டு அறிவியல் தொடரை பிபிசி ஃபோர் நேரலையில் மறுபடி நடத்துகிறது. அதில் கேட்டிஸும், அடுத்த டாக்டராகப் போகும் டேவிட் டெனன்ட்டும் நடிக்கிறார்கள். பேராசிரியர் நைட்ஷேடை கேட்டிஸ் வார்த்ததே இந்தக் குவாட்டர்மாஸை அச்சாக வைத்துத்தான். ஏப்ரல் 9, கேட்டிஸ் எழுதிய தி அன்கொயட் டெட். புதுத் தொடரில் டேவிஸ் அல்லாத ஒருவர் எழுதிய முதல் எபிசோட். 1869 கிறிஸ்துமஸ் சமயத்து கார்டிஃப், எழுந்து நடக்கும் பிணங்கள், வாழ்க்கை சலித்துப்போன சார்லஸ் டிக்கன்ஸாக சைமன் கேலோ. ராய்ஸ்டன் வேசியில் பழகிய கை என்று பார்த்தவுடன் தெரியும்.

மொத்தம் எத்தனை எபிசோட் எழுதினார்? எல்லாமே நல்லா இருக்குமா?

2005 முதல் 2017 வரை ஒன்பது. எல்லாம் ஒரே தரம் இல்லை. 2010-இல் டாக்டரின் பழைய எதிரிகளான டாலெக்குகளுக்குப் பளிச்சென்று ஐந்து வண்ணங்களில் புது உருவம் வந்த விக்டரி ஆஃப் தி டாலெக்ஸை ரசிகர்கள் பலர் ஏற்கவில்லை. எனக்கும் அந்தக் கதை பாதியிலேயே ஓடிப்போவது போலத்தான் இருக்கிறது. 2015-இல் வந்த ஸ்லீப் நோ மோர், வழக்கமான தொடக்க இசையே இல்லாமல், கிடைத்த கேமரா பதிவுகள் போல எடுக்கப்பட்டது. தைரியமான முயற்சி, பாதி வெற்றி.

என் தேர்வு 2013-இல் வந்த தி கிரிம்சன் ஹாரர். விக்டோரியா காலத்து யார்க்ஷயர், தீப்பெட்டித் தொழிற்சாலை, நெஞ்சில் எதையோ மறைத்து வைத்திருக்கும் ஒரு கிழவி. கிழவியாக டயானா ரிக், அவர் கைவிடும் மகளாக நிஜ மகள் ரேச்சல் ஸ்டெர்லிங். இருவரும் திரையில் சேர்ந்து நடிக்க வேண்டும் என்பதற்காகவே கேட்டிஸ் எழுதினார். அம்மா பேசும் கொடூர வசனத்துக்கு மகள் முகம் மாறும் இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன்.

இவர் நடிச்சும் இருக்காராமே, பேரைத் தேடினா சில இடத்துல வரலையே?

2007-இல் இளமை திரும்பும் இயந்திரம் கண்டுபிடிக்கும் பேராசிரியர் லாசரஸாக முதுமை ஒப்பனையோடு வருவது சொந்தப் பெயரில். 2011-இல் கான்டாக் என்ற சின்ன வேடத்துக்கு 'ரோண்டோ ஹாக்ஸ்டன்' என்று போட்டார்கள். 1940களின் திகில் பட நடிகர் ரோண்டோ ஹாட்டனுக்கு வணக்கம் வைக்கும் பெயர்.

2003-இல் ஒரு ஒலிநாடகத்தில் டாக்டரின் பரம எதிரி மாஸ்டராக நடித்தவர் 'சாம் கிஸ்கார்ட்'. மார்க் கேட்டிஸ் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் அது வரும். மாஸ்டர் மாறுவேடத்தில் வரும் எபிசோடுகளில் ரகசியம் உடையாமலிருக்க நடிகர் பெயரை இப்படிக் கலைத்துப் போடுவது 1980களில் பழைய தொடர் செய்த வித்தை. தெரிந்தவர்களுக்கு மட்டும் புரியும் அன்புக் குறி.

ஷெர்லாக்குக்கும் டாக்டர் ஹூவுக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு ரயில். டாக்டர் ஹூ தயாரிப்பு கார்டிஃபில். லண்டனிலிருந்து அங்கே போய் வரும் பயணங்களில் கேட்டிஸும் மோஃபட்டும் ஹோம்ஸைப் பற்றிப் பேசிப் பேசி, இன்றைய லண்டனில் ஹோம்ஸ் இருந்தால் என்ன என்ற யோசனைக்கு வந்தார்கள். 2010-இல் தொடர் வெளியானது. முதல் கதையில் மைக்ராஃப்ட் வரும்போது, இவன்தான் ஹோம்ஸின் எதிரி மோரியார்ட்டி என்று பார்ப்பவரை நம்பவைக்கிறார்கள். மூலக்கதை தெரிந்தவர்களையே ஏமாற்றும் அந்த விளையாட்டை, ரசிகரின் மனம் எங்கே ஓடும் என்று அறிந்த ரசிகரால்தான் செய்ய முடியும்.

இந்தியர் ஒருத்தர் டாக்டர் ஹூவை டைரக்ட் பண்ணாராமே, அதுக்கும் இவருக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 1963-இல் டாக்டர் ஹூவின் முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் என்ற இளம்பெண். ஆண்களும் வெள்ளையர்களும் நிரம்பிய பிபிசியில் இந்த இருவரும் பட்ட பாட்டை, 2013-இல் தொடரின் ஐம்பதாவது ஆண்டுக்காக ஆன் அட்வென்ச்சர் இன் ஸ்பேஸ் அண்ட் டைம் என்ற படமாக கேட்டிஸ் எழுதினார். ஹுசைனாக சாஷா தவன், லாம்பர்ட்டாக ஜெசிக்கா ரெய்ன்.

ஆனால் படத்தின் நெஞ்சு, முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னல். டேவிட் பிராட்லி நடித்திருக்கிறார். சிடுசிடுத்த நடிகர் ஒருவர், பிள்ளைகள் தன்னைக் கொண்டாடுவதைக் கண்டு மலர்கிறார். பிறகு உடல்நிலை கெட்டு, வசனம் மறந்து, அந்த வேடத்தையே விட வேண்டி வருகிறது. நைட்ஷேடில் வந்த கிழ நடிகரை நினைத்துப் பாருங்கள். இருபத்தோரு ஆண்டுகள் கழித்து அதே ஆளை, இந்த முறை அரக்கர்கள் இல்லாமல், கேட்டிஸ் மறுபடி எழுதியிருக்கிறார்.

ரசிகர்கள் எழுதினா பழைய வில்லன்களையே திரும்பத் திரும்பக் கொண்டு வருவாங்க, புதுசா பார்க்கிறவங்களுக்கு என்ன இருக்கு?

நியாயமான குறை. கேட்டிஸிடமும் உண்டு. செவ்வாய்க்கிரகத்து ஐஸ் வாரியர்கள் 1974-க்குப் பிறகு திரையில் வரவே இல்லை. அப்போது தொடரை நடத்திய மோஃபட்டுக்கும் பெரிய விருப்பமில்லை. விடாமல் பேசி 2013-இல் கொண்டு வந்தவர் கேட்டிஸ். ஆனால் எப்படிக் கொண்டு வந்தார்? பனிப்போர்க் காலத்து சோவியத் நீர்மூழ்கிக் கப்பலில், ஒரே ஒரு வீரன், கவசத்தைக் கழற்றிவிட்டு இருட்டில் ஊர்ந்து வருகிறான். முன்கதை எதுவும் தெரியாமலே பயப்படலாம்.

2017-இல் அவர் எழுதிய செவ்வாய்க் கதையின் கடைசியில் ஆல்ஃபா சென்டாரி என்ற பழைய பாத்திரத்தின் குரல் சில நொடி கேட்கும். 1970களில் குரல் கொடுத்த அதே இசான் சர்ச்மன், 92 வயதில் மறுபடி பேசினார். தெரியாதவர்களுக்கு அது ஏதோ ஒரு வேற்றுக்கிரகக் குரல், அவ்வளவுதான், கதை தடைபடாது. தெரிந்தவர்களுக்குக் கண் கலங்கும். பழசைக் கொண்டு வந்தால் இப்படித்தான் கொண்டு வர வேண்டும் என்பது என் கட்சி.

இவர் மட்டும்தானா, வேற யாராவது இப்படி வந்திருக்காங்களா?

நிறைய. பீட்டர் கபால்டி பதினைந்து வயதில் ரேடியோ டைம்ஸ் இதழுக்கு டாக்டர் ஹூவைப் பாராட்டி எழுதிய கடிதம் 1974-இல் அச்சானது. 2013-இல் அவரே பன்னிரண்டாவது டாக்டராக அறிவிக்கப்பட்டார். டெனன்ட் நடிகராக ஆசைப்பட்டதே இந்தத் தொடரைப் பார்த்துத்தான். மேடை நகைச்சுவையாளர் டோபி ஹேடோக், தன் டாக்டர் ஹூ மஃப்ளரைப் பூச்சி அரித்ததைத் தலைப்பாக வைத்து 2006-இல் எடின்பரோவில் தனிநபர் நிகழ்ச்சியே நடத்தினார்.

எதுல ஆரம்பிக்கிறது? ரொம்ப நேரமில்லை.

முதலில் தி கிரிம்சன் ஹாரர், பிறகு ஹார்ட்னல் பற்றிய படம். இவை இரண்டுக்கும் முன்னறிவு வேண்டாம். அதன்பின் 2017 கிறிஸ்துமஸ் கதையான ட்வைஸ் அப்பான் எ டைம். அதை எழுதியது மோஃபட், கேட்டிஸ் நடிக்க மட்டும் செய்தார். ஹார்ட்னல் படத்தில் ஹார்ட்னலாக நடித்த பிராட்லியே இங்கே முதல் டாக்டராக வருவதால் இந்த வரிசையில் பார்ப்பது நல்லது.

கேட்டிஸுக்குப் பெயரில்லாத ஒரு கேப்டன் வேடம். 1914 டிசம்பர், முதல் உலகப் போரின் ஈப்ர போர்முனையில் ஒரு குண்டுப் பள்ளம். எதிரே துப்பாக்கி நீட்டிய ஜெர்மன் வீரன், இவர் கையிலும் துப்பாக்கி, இருவர் விரலும் நடுங்குகிறது, காலம் உறைந்து நிற்கிறது. எல்லாம் முடிந்து மறுபடி அதே பள்ளத்தில் சாகப் போகும் நேரத்தில், தன் குடும்பத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ள முடியுமா என்று டாக்டரிடம் கேட்கிறார். பெயர் என்ன என்கிறார் டாக்டர். "லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட்" என்கிறார் கேட்டிஸ்.